இஞ்ஞாசி நேர்ந்த வட்டம்

இஞ்ஞாசிக்குத் தொழில் வெள்ளையடிப்பது. நாகர்கோவிலில் அவன் சுண்ணாம்பு படாத சுவர் ஒன்றை யாராவது காட்டினால், அந்த வீட்டுக்காரன் கஞ்சன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், அதனால் 'அவன்' என்கிறேன். மற்றபடி, அவனுக்கு ஊரில் கிடைத்த மரியாதையில் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை. அவன் அதைக் கேட்டு வாங்கியவனும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

பிறந்தது கடியப்பட்டணத்தில். அப்பன், அண்ணன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் கட்டுமரத்தில் ஏறிக் கொஞ்சதூரம் போவதற்குள் குடலைக் கக்குவான். கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோட்டாற்றில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கிற ஒருவரிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கடலோடு அவனுக்கு மிஞ்சிய உறவு அந்தச் சிப்பி மட்டும்தான்.

ஏணியில் நின்றுகொண்டு பாடுவான். நல்ல கனமான குரல். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, மேலே பார்த்து, முகத்தில் சுண்ணாம்பு தெறித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் குரலுக்காகக் கோட்டாற்றுக் களியல்காரர்கள் அவனைப் பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். களியல் என்றால், நடுவில் குத்துவிளக்கு, சுற்றிப் பன்னிரண்டு பேர், கையில் கம்புகள். பாட்டுக்காரன் தாளம் தட்டிப் பாட, தன் கம்பில் ஓர் அடி, இடப்பக்கத்தான் கம்பில் ஓர் அடி, வலப்பக்கத்தான் கம்பில் ஓர் அடி. பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்க வட்டமும் வேகம் பிடிக்கும். ஒருவன் தப்பினால் பக்கத்தில் நிற்கிறவன் விரல் பெயர்ந்துபோகும்.

1954 தொடக்கத்தில் அவன் பெண்டாட்டி சகாயசெல்விக்கு விஷக்காய்ச்சல் வந்தது. இருபத்தோரு நாள் ஆகியும் இறங்கவில்லை. டாக்டர் இஞ்ஞாசியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பச் சொன்னார். அவன் சொல்லியனுப்பவில்லை. வராந்தாவிலேயே முட்டுக்குத்தி, கோட்டாற்றுச் சவேரியார் கோவில் இருக்கும் திசையைப் பார்த்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"சவேரியாரே, இவள மட்டும் எழுப்பித் தாரும். உப்புக்கெடங்கு முக்கில, மூணு ரோடும் கூடுற எடத்துல, ஒரு திருநாளு அன்னைக்கு, பன்னிரண்டு பேர ஒரே வட்டமா நிறுத்திக் களியல் அடிக்கேன். யாருட்டயும் ஒரு சக்கரம் துட்டு வாங்க மாட்டேன்!"

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் புது மருந்து என்றார். இஞ்ஞாசி சவேரியார் என்றான். நான் இரண்டு பேரோடும் வாதாடப் போகவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்பது பதிவு செய்த பத்திரம் மாதிரி. இந்துவானாலும் வேதக்காரரானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. சேவல் என்று வாயால் சொன்னவன் பெட்டைக்கோழியைக் கொண்டுபோக முடியாது. சொன்ன எண்ணிக்கை, சொன்ன இடம், சொன்ன விதம். ஒன்று குறைந்தாலும் கொடுத்தது திரும்பப் போகும். இங்கே கொடுத்தது சகாயசெல்வியின் உயிர். உடம்பு தேறி எழுந்தவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஒரு மெழுகுதிரின்னு நேந்தா சவேரியாரு வேண்டாம்னா சொல்லப்போறாரு? பன்னிரண்டு தடியன்மார எங்க போயி வட்டம் கூட்டுகது?"

கூட்டியிருப்பான், அதொன்றும் பெரிய காரியமில்லை. அந்த வருஷக் கோட்டாற்றுத் திருவிழாவில் அடிப்பதாக எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அதற்குள் ஆகஸ்டு வந்தது. தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து, ஆட்கள் செத்து, ஊரெல்லாம் போலீஸ். திருவிழா நெருங்கும்போது எங்கள் முக்கில் தடையுத்தரவு ஒட்டியிருந்தது. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக்கூடாது.

நான் அப்போது முத்துநாயகம் வக்கீலிடம் குமாஸ்தா. ஆபீஸ் அதே உப்புக்கிடங்கு முக்கில், மாடியில். ஒருநாள் காலை இஞ்ஞாசி படியேறி வந்து, இமையில் சுண்ணாம்போடு நின்றான்.

"என்னடே?" என்றார் வக்கீல், கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"களியல் அடிக்கணும் ஏமானே. பன்னிரண்டு பேரு. பாட்டுக்கு நானு."

"அஞ்சு பேரு சேந்து நின்னா உள்ள புடிச்சிப் போடுவான்."

"நாலு பேரு நின்னா?"

"நாலு பேரு நின்னா யாருக்கென்ன? போடே, எனக்கு இன்னைக்கு வாய்தா இருக்கு."

இஞ்ஞாசி விரலை மடக்கி எண்ணிக்கொண்டே படியிறங்கிப் போனான். என் வக்கீல் முப்பது வருஷத் தொழிலில் சொன்ன யோசனைகளிலேயே ஊரில் எடுபட்டது இது ஒன்றுதான். அதையும் ஆளைத் துரத்துவதற்காகச் சொன்னார்.

மறுநாள் முதல் இஞ்ஞாசி முக்கில் நின்று கைதட்ட ஆரம்பித்தான். ஒரு சுவர் முன்னால் போய்த் தட்டுவான், காதைச் சாய்ப்பான், அடுத்த சுவருக்குப் போவான். பெண்டாட்டிக்கு வந்த காய்ச்சல் இவனுக்கு மூளையில் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கடைசியில் மூன்று மூலையைத் தேர்ந்தெடுத்தான். ஒன்று உப்புக்கிடங்கின் பெரிய சுவர், மூட்டை இறக்கும் சாய்வுக்கல்லோடு. ஒன்று மருந்துக்கடைப் படி. ஒன்று குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற பழைய தொட்டி. மூலைக்கு நாலு பேர். நடுமுக்கில், எரிகிற குத்துவிளக்கோடும் தாளத்தோடும் இஞ்ஞாசி தனி ஆள். மூன்று நாலு பன்னிரண்டு, பாட்டுக்காரன் ஒன்று. யாரும் யாரோடும் சேர்ந்து நிற்கவில்லை.

திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் நடந்ததைப்போல ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. பாட்டு ஒரு மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னொரு மூலை அடுத்த அடிக்குப் போய்விட்டது. மூன்று மூலையிலும் மூன்று களியல். இஞ்ஞாசி இரண்டாம் நாள் பாட்டையே மாற்றினான். ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துவான். கிடங்குச் சுவர் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கிடங்குக்காரர்கள் அடிப்பார்கள். அந்தக் கம்புச் சத்தத்தை மருந்துக்கடை வாங்கும், மருந்துக்கடைச் சத்தத்தைத் தொட்டி வாங்கும். அடி முக்கைச் சுற்றி ஓடியது. ஆட்களால் வட்டம் போட முடியாததைச் சத்தத்தால் போட்டான். இடத்துக்குத் தகுந்தபடி ஆட்டமும் மாறியது. கிடங்கு மூலையில் நேசமணியும் அவன் ஆட்களும் சாய்வுக்கல்லில் மூட்டை சுமப்பவர்களைப்போலக் குனிந்து ஏறி, அடித்து, சறுக்கி இறங்கினார்கள். தொட்டி மூலையில் செல்வன் தொட்டி விளிம்பிலேயே நடந்து அடித்தான். சுவருக்கு வெள்ளையடிக்கிறவனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்டேன். "சுவரு சொல்லும் அண்ணாச்சி. பாதி நாளு அதுட்ட தானே நிக்கேன்" என்றான்.

பார்க்கிறவர்களும் நிற்க முடியாதே. ஐந்து பேர் நின்றால் குற்றம். அதனால் ஊர் நடந்துகொண்டே பார்த்தது. நாலு நாலு பேராக ஒரு மூலையிலிருந்து மற்றதற்கு, மற்றதிலிருந்து அடுத்ததற்கு. யாரையாவது கேட்டால், "சும்மா அந்தப் பக்கம் போறேன்" என்பார்கள், ஏழாவது தடவையாக. சகாயசெல்வியின் அக்கா செசிலி கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள். ஓலைக் கடவத்தைத் தலையிலிருந்து இறக்காமல் முக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, அன்றைய சாளையை அப்படியே அழுகவிட்டாள்.

போலீஸ் ஏட்டு ஒருவரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். மலையாளத்துக்காரர். கயிறு கொண்டுவந்து மூலைக்கு மூலை தூரம் அளந்தார். பிறகு நாள்தோறும் ஆட்டம் தொடங்குமுன் எண்ணுவார்: "நாலு, நாலு, நாலு, ஒந்நு. எண்ணம் சரியாணு." மூன்றாம் நாள் முதல் எண்ணி முடித்ததும் மருந்துக்கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பதிமூன்று பேரும் ஒரே கூட்டமா, அல்லது நான்கு கூட்டமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்ததாக ஏட்டு சொன்னார். களியல் என்பது எந்தக் கட்சி, அதன் தலைவர் யார் என்று கேட்டிருந்தார்களாம்.

காசு வாங்காமல் ஒருவன் ஆடுகிறான் என்றால் அதில் ஏதோ அரசியல் இருக்கிறது என்று எங்கள் ஊர் முடிவு கட்டிவிட்டது. போராட்டக்காரர்கள் இஞ்ஞாசியை வீரன் என்றார்கள். மூன்று மூலைக்கும் மூன்று அர்த்தம் சொல்லி ஒருவர் துண்டுப்பிரசுரம்கூட எழுதினார். ஒன்பது நாள் ஆட்டமும் முடிந்த சாயங்காலம் அவனை மாலை போட்டுத் தூக்கினார்கள், கவனமாக, நாலு பேர் மட்டும்.

மாலையோடு என் ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"வட்டம் ஆகல்லியே அண்ணாச்சி."

"ஊரே கொண்டாடுது, ஒனக்கு என்னடே கொறை?"

"ஊருக்கா நேந்தேன்?"

பங்குச் சாமியாரிடம் போனான். ஆண்டவர் மனசைத்தான் பார்க்கிறார், எண்ணிக்கையை அல்ல என்று அவர் நல்லபடியாகத்தான் சொல்லியனுப்பினார். "சாமியாருக்குக் களியல் தெரியாது" என்று இவன் முடித்துவிட்டான். அதிலிருந்து சகாயசெல்வி தும்மினால் இவனுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அவள் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஏணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவான். அவளோ தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "எனக்கு ஒரு இருமல் வந்தா இவியளுக்கு ரெண்டு படி வெயர்ப்பு வருது. நான் சாவதுக்கு முன்ன இவிய பேடிச்சே செத்துருவாவ போலிருக்கு."

அடுத்த வருஷம் தடையுத்தரவு இல்லை. பன்னிரண்டு பேரும் ஒன்றாக நிற்கலாம், அவர்கள் இஷ்டம். இஞ்ஞாசி சந்தோஷமாக ஆட்களைக் கூப்பிடப் போனான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

மூன்று மூலையும் மூன்று கட்சியாகிவிட்டிருந்தன. ஒன்பது நாள் ஆட்டத்தில் ஒவ்வொரு மூலைக்கும் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். சாய்வுக்கல்லில் ஏறி அடித்த நேசமணிக்கு, தன்னால்தான் கூட்டம் வந்தது என்று உறுதி. தொட்டி விளிம்பில் நடந்த செல்வனுக்கு, நேசமணி அடித்தது களியலே இல்லை என்று உறுதி. மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு கோஷ்டியோடும் பேசுவதில்லை, தாங்கள் மட்டும்தான் தாளம் தப்பவில்லை என்பதால். ஆளாளுக்குத் தனியாகக் கல்யாணவீடு, கோவில் என்று போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"வட்டத்துல நின்னா யாருக்கு என் மொகம் தெரியும்?" என்றான் நேசமணி. "முதுவுதான் தெரியும்."

"நேசமணி நிக்க வட்டத்துல என் கம்பு சேராது, மக்கா," என்றான் செல்வன். "ஒன் நேர்ச்சைக்கு என் தோளுல கை போட்டு அழு, நானும் அழுகேன். அவனுக்க பக்கத்துல நிக்கச் சொல்லாத."

சர்க்கார் துப்பாக்கி வைத்துப் பிரித்தபோது சத்தத்தாலேயே சேர்ந்து நின்றவர்கள். சும்மா விட்டதும் பிரிந்துவிட்டார்கள். இஞ்ஞாசி ஒரு வருஷம் மூன்று வீட்டுக்கும் நடந்தான். சும்மா வெள்ளையடித்துக்கூடக் கொடுத்தான். வீடு வெளுத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மறுபடி எங்கள் படியேறி வந்தான்.

"அண்ணாச்சி, கூடப்பிடாதுன்னு அன்னைக்கு ஒரு உத்தரவு வந்துதே. அதுபோல, கூடணும்னு ஒரு உத்தரவு வாங்க ஒக்குமா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் கூடாதே என்பதற்குச் செக்ஷன் இருக்கிறது, கூடு என்பதற்கு ஒன்றுகூட இல்லை என்றேன். அவன் சிரிக்கவில்லை. அந்த வாரம் சகாயசெல்விக்கு நிஜமாகவே காய்ச்சல் கண்டிருந்தது. அதைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அந்த மூன்று நாளும் அவன் ஒரு பருக்கை தொடவில்லையாம்.

1956 நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருவது என்று முடிவாயிற்று. உப்புக்கிடங்கு முக்கிலும் ஒரு விழா. விழாக் கமிட்டிக்காரர்கள் இஞ்ஞாசியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். போராட்டத்தின் அடையாளமாக, அன்று ஆடியபடியே, மூன்று மூலைக் களியல் வேண்டும்.

"வட்டமா அடிச்சா ஆவாதா?" என்று கேட்டான்.

"வட்டமா யாரும் அடிப்பான்வே. மூணு மூலைதான் விசேஷம். நோட்டீஸ்லயும் அச்சடிச்சாச்சு."

மூன்று கோஷ்டியும் உடனே சம்மதித்தன. மூலைக்கு மூலை தனித்தனியாக அல்லவா? இஞ்ஞாசியும் சம்மதித்தான். நவம்பர் ஒன்று சகல அர்ச்சியசிஷ்டவர்களின், அதாவது எல்லாப் புனிதர்களின் திருநாள், அதில் சவேரியாரும் உண்டு என்று அவனுக்கு ஒரு நப்பாசை. ஆனால் சேர்ப்பு விழாவிலும் சேராத பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? விழாவன்று விடிந்ததிலிருந்து வீட்டில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். சகாயசெல்வி அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிக் கடியப்பட்டணம் போய் அக்காவைப் பார்த்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு முக்கு நிரம்பி வழிந்தது. எல்லாரும் புது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நான் மாடி ஜன்னலில். கீழே நடுவில் விளக்கோடு இஞ்ஞாசி, மூலைகளில் நாலு நாலு பேர். இரண்டு பாட்டு ஆயிற்று. கூட்டத்தின் இரைச்சலில் சுவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று மூலைக்காரர்களும் அவரவர் வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். இஞ்ஞாசி பாடிக்கொண்டேதான் இருந்தான், கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு மூன்று ரோட்டிலும் ஒரே நேரத்தில் மீன்காரிகள் வந்தார்கள். ரோட்டுக்குப் பதினைந்து பேர் இருக்கும், தலையில் கடவம். "வழி விடுங்க ஐயா, மீனு, மீனு!" கடவத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. புது வேட்டிக்காரர்கள் பாம்பைக் கண்டதுபோல உள்ளே ஒதுங்கினார்கள். மீன்காரிகள் விலகிப் போகவில்லை, தோளோடு தோள் சேர்ந்து மெள்ள மெள்ள முன்னால் வந்தார்கள். முதல் வரிசையில் செசிலி. அவளுக்குப் பக்கத்தில், வாழ்நாளில் மீன் சுமந்திராத சகாயசெல்வி, கழுத்து விறைக்க ஒரு கடவத்தோடு.

அன்று திருநாள், மரம் எதுவும் கடலுக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கடவத்தில் மீனே இல்லை. முந்தின நாள் மீன் கழுவிய தண்ணீரில் ஊறவைத்த சாக்குதான் இருந்தது.

ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் உள்நோக்கி நெருங்க, நேசமணி சாய்வுக்கல்லிலிருந்து தள்ளப்பட்டான். செல்வன் தொட்டியிலிருந்து குதித்தான். மருந்துக்கடைப் படியில் கமிட்டித் தலைவரே ஏறி நின்றுகொண்டதால் அங்கிருந்த நாலு பேரும் இறங்கவேண்டியதாயிற்று. தள்ளித் தள்ளி, நடுமுக்கில் விளக்கைச் சுற்றிப் பத்தடி இடம்தான் மிஞ்சியது. அதில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேர் கையிலும் கம்பு. இஞ்ஞாசி கண்ணைத் திறந்தான்.

அவன் யோசிக்கவில்லை. தாளத்தை ஓங்கித் தட்டி, பாட்டை முதலிலிருந்து எடுத்தான். விலகிப் போக ஒருவனுக்கும் இடமில்லை. ஒன்று சேர்ந்து அடிக்கவேண்டும், இல்லையென்றால் விரலைக் கொடுக்கவேண்டும். நேசமணிக்கு வலப்பக்கம் செல்வன். "ஒழுங்கா அடில, சவமே!" "நீ மொதல்ல ஒழுங்கா நில்லுல!" வாய் திட்டிக்கொண்டிருக்க, கம்புகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன. பாட்டு வேகம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் திட்டு நின்றுவிட்டது. பிறகு பன்னிரண்டு பேரின் அடியும் ஒரே அடியாகக் கேட்டது. முழுதாக ஒரு பாட்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாடியில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் நேசமணியும் செல்வனும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவர்கள் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. கமிட்டித் தலைவர் மேடையில் ஏறி, மூன்று மூலைக் களியல் சிறப்பாக நடந்தேறியது என்று நன்றி சொன்னார். அவருக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த தாள் அது. இஞ்ஞாசி விளக்குப் பக்கத்தில் முட்டுக்குத்தி இருந்தான். அவனைச் சுற்றி நின்றவர்கள் வேட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கீழே இறங்கினேன். சகாயசெல்வி எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் கடவத்தைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முழுக்க மீன்நாற்றம். கூட்டத்துக்கு வெளியே நின்று தள்ளியவள், உள்ளே நடந்தது ஒன்றையும் பார்க்கவில்லை.

"மேல இருந்து பாத்தியளா அண்ணாச்சி? வட்டம் ஆச்சா?"

"ஆச்சு."

"பன்னிரண்டு பேருமா?"

"எண்ணினேன். பன்னிரண்டு."

"எடையில ஒடையல்லியே?"

"பாட்டு முடியுமட்டும் ஒடையல்ல."

முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வழக்கம்போலச் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். முதுகு குலுங்கியது. சிரிப்பில்லை.

"அவிய பேடிக்காவன்னு ரெண்டு வருசமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்" என்றாள், முந்தானைக்குள்ளிருந்து. "அவிய ஒறங்குன பெறவு, எனக்க நெஞ்சுல கைய வச்சி, அது இன்னும் அடிக்கான்னு பாத்துட்டுத்தான் அண்ணாச்சி நான் ஒறங்குவேன்."